கேட் தேர்வில் பர்சென்டைல் குறைஞ்சிடுச்சா? எம்.பி.ஏ சீட்டுக்குப் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

ஐ.ஐ.எம் கனவு இந்த வருஷம் தள்ளிப்போனவர்களுக்கு அடுத்து என்னென்ன வழிகள் இருக்கின்றன? டான்செட் எழுதலாமா, மறுபடி கேட் எழுதலாமா, கடன் வாங்கிச் சேரலாமா? அன்னூர் வீடு ஒன்றில் இருந்து தொடங்குவோம்.

டிசம்பர் கடைசி. சரவணம்பட்டியில் ஐ.டி வேலையை முடித்துவிட்டு, சத்தி ரோடு பஸ்ஸில் அன்னூர் திரும்பிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவரின் போனில் கேட் தேர்வு முடிவு வருகிறது. 82 பர்சென்டைல்.

வீட்டில் அப்பா கேட்கிறார்: "எம்பத்திரண்டா? நல்ல மார்க்குத்தானே சாமி?"

"அது மார்க் இல்லீங்கப்பா..." என்று ஆரம்பித்து, எப்படி விளக்குவது என்று தெரியாமல் அவர் நிறுத்திவிடுகிறார்.

மறுநாள் காலையில் தெரியாத நம்பரில் இருந்து ஒரு கால். "சார், உங்க ஸ்கோருக்கு சீட் கன்ஃபார்ம். இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா ஸ்காலர்ஷிப் உண்டு." மொத்தக் கட்டணம் 10 லட்சத்துக்குப் பக்கத்தில். வீட்டில் பேச்சு உடனே நகைக்கும் தோட்டத்துப் பத்திரத்துக்கும் போய்விடுகிறது.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. ஆனால், கேட் எழுதிய எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான். ரிசல்ட் வந்த ஏமாற்றத்திலேயே அடுத்த ஏழு வருஷத்துக்கான கடனை முடிவு செய்வதுதான் இதில் ஆபத்து. அதனால், பணம் கட்டும் முன் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடலாம்.

82 பர்சென்டைல் என்றால் என்ன?

பர்சென்டைல் என்பது சதவீதம் இல்லை. தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும் எண் அது. 82 பர்சென்டைல் என்றால் 100 பேரில் 82 பேர் உங்களுக்குப் பின்னால். 18 பேர் முன்னால்.

பிரச்னை அந்த 18-ல்தான் இருக்கிறது. 2024 நவம்பர் 24-ம் தேதி நடந்த கேட் தேர்வை சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால்:

• 82 பர்சென்டைல்: முன்னால் சுமார் 53 ஆயிரம் பேர்
• 90 பர்சென்டைல்: முன்னால் சுமார் 29 ஆயிரம் பேர்
• 95 பர்சென்டைல்: முன்னால் சுமார் 14,600 பேர்
• 99 பர்சென்டைல்: முன்னால் சுமார் 2,900 பேர்

அப்பாவுக்கு விளக்க வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: "மூணு லட்சம் பேர் ஓடின பந்தயத்துல ஐம்பத்து மூணாயிரமாவதா வந்திருக்கேன். மோசமில்லை. ஆனா, ஐ.ஐ.எம் நேர்காணலுக்குக் கூப்பிடறது முன்வரிசையில சில ஆயிரம் பேரைத்தான்."

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 2024 கேட் தேர்வில் மொத்தம் 68 கேள்விகள், 204 மதிப்பெண். இதில் பாதி மதிப்பெண்ணைக்கூட எட்டாமல் 99 பர்சென்டைல் பக்கம் போனவர்கள் உண்டு. தேர்வு அவ்வளவு கடினம். "படிப்பே வரலையோ" என்று யோசிக்கத் தேவையில்லை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். ஆக, ஒரு தவறான யூகம் சரியான விடையாக மாறினாலே 4 மதிப்பெண் வித்தியாசம். நடுவரிசையில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால், அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கானோரைத் தாண்ட வைக்கும்.

எந்தெந்தக் கதவுகள் மூடியிருக்கின்றன?

அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா போன்ற பழைய ஐ.ஐ.எம்கள் இணையதளத்தில் வெளியிடும் குறைந்தபட்ச பர்சென்டைல் வேறு. உண்மையில் நேர்காணலுக்கு அழைக்கும் பர்சென்டைல் வேறு. பொதுப் பிரிவு பொறியியல் பட்டதாரி என்றால் 99-ஐ ஒட்டித்தான் பேச்சே.

புதிய ஐ.ஐ.எம்கள் பல சேர்ந்து 'கேப்' என்ற பெயரில் ஒரே பொது நேர்காணல் நடத்துகின்றன. 2011-ல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம் திருச்சியும் இந்த முறையில் பங்கேற்றிருக்கிறது. அங்கும் பொதுப் பிரிவுக்கு 90-ஐத் தாண்டி நன்றாகவே மேலே இருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டியின் மேலாண்மைத் துறை, திருச்சி என்.ஐ.டியின் மேலாண்மைத் துறை இரண்டும் கேட் மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அங்கேயும் 82 போதாது.

ஓ.பி.சி, எஸ்.சி, எஸ்.டி, இ.டபிள்யூ.எஸ், மாற்றுத்திறனாளிகள் பிரிவுகளுக்கு இந்த அளவு குறையும். இங்கேதான் நம் ஊர்ப் பக்கம் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழக அரசு கொடுத்த பி.சி, எம்.பி.சி சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் மத்திய அரசு நிறுவனங்களில் 27 சதவீத ஓ.பி.சி ஒதுக்கீடு கிடைத்துவிடாது. மத்திய அரசு படிவத்தில், 'கிரீமி லேயரில் வரவில்லை' என்ற ஓ.பி.சி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சம் கணக்கில் சேராது. நில அளவுக்கும் அரசுப் பதவிக்கும் தனி விதிகள் இருக்கின்றன. "தோட்டம் இருக்கு, நமக்குக் கிடைக்காது" என்று தானாகவே முடிவு செய்துவிடாமல், தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பிக்கும்போது கொடுத்த பிரிவைப் பிறகு மாற்ற முடியாது. இந்த முறை தவறவிட்டவர்கள், அடுத்த விண்ணப்பம் தொடங்கும் ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பே சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன?

கேட் முடிவு வரும்போது சில தேர்வுகளின் விண்ணப்பக் காலம் முடிந்திருக்கும். எக்ஸ்.எல்.ஆர்.ஐ நடத்தும் சாட் தேர்வு ஜனவரி முதல் வாரத்தில் வரும். அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியிலேயே மூடிவிடும். சிம்பயாசிஸ் கல்வி நிறுவனங்களுக்கான ஸ்நாப் டிசம்பரில் நடந்துவிடும். "கேட் ரிசல்ட் பாத்துட்டு மத்ததுக்கு அப்ளை பண்ணிக்கலாம்" என்று காத்திருந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஆனாலும் கவனிக்க வேண்டிய மற்ற வழிகள் இவை:

• சீமேட்: தேசிய தேர்வு முகமை நடத்துவது. ஏ.ஐ.சி.டி.இ அங்கீகாரம் பெற்ற பல கல்லூரிகள் ஏற்கின்றன.
• மேட்: அகில இந்திய மேலாண்மை சங்கம் வருஷத்துக்கு நான்கு முறை நடத்துவது.
• சி.யு.இ.டி முதுநிலை: திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு. கோவை பீளமேட்டில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சர்தார் வல்லபாய் படேல் பன்னாட்டு ஜவுளி மற்றும் மேலாண்மைப் பள்ளி, திருவாரூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி பின்னணி உள்ள வீடுகள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இடம் இது.
• டான்செட்: தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மிக முக்கியமான வழி. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

டான்செட்டை ஏன் சாதாரணமாக நினைக்கக்கூடாது?

டான்செட் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2025-ல் ஜனவரி கடைசியில் விண்ணப்பம் தொடங்கி, மார்ச் 22-ம் தேதி தேர்வு நடந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட் எழுதத் தயாரானவருக்கு இதில் வரும் கணிதம், ஆங்கில வாசிப்பு, தரவுக் கேள்விகள் புதிதாக இருக்காது. படித்த படிப்பு வீணாகவில்லை என்பது ஒரு ஆறுதல்.

மதிப்பெண் வந்த பிறகு மாநில அளவில் ஒற்றைச் சாளர கலந்தாய்வு நடக்கும். அந்த எம்.பி.ஏ, எம்.சி.ஏ கலந்தாய்வை நடத்துவது சென்னை அலுவலகம் இல்லை; கோவை தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஜி.சி.டி என்றால் அன்னூரில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். பி.சி, எம்.பி.சி மாணவர்களுக்கு ஏற்கெனவே கையில் இருக்கும் மாநிலச் சான்றிதழே போதும். அரசு, பல்கலைக்கழகத் துறைகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள் என்று போனால், கட்டணம் தனியார் நிர்வாக ஒதுக்கீட்டோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

கோவையைச் சுற்றியே பட்டியல் நீளம். பீளமேட்டில் பி.எஸ்.ஜி மேலாண்மைக் கழகம், மருதமலை ரோட்டில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளி, சத்தி ரோட்டுப் பக்கம் குமரகுருவின் கே.சி.டி பிசினஸ் ஸ்கூல், கருமத்தம்பட்டியில் ஜான்சன்ஸ், எட்டிமடையில் அம்ரிதா. வேளாண் பட்டதாரிகளுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மையில் எம்.பி.ஏ இருக்கிறது. எந்தக் கல்லூரி எந்தத் தேர்வை ஏற்கிறது, எத்தனை இடங்கள் கலந்தாய்வில் வருகின்றன என்பது அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பொறுத்தது. கல்லூரி வாசலில் பேனர் சொல்வதை நம்புவதைவிட, அறிவிப்பைப் படிப்பது பாதுகாப்பு.

அன்னூரில் இருந்து காந்திபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். தினமும் பஸ்ஸில் போய் வந்து படிக்க முடிந்தால் ஹாஸ்டல் செலவு முழுதாக மிச்சம். இதுவும் கணக்கில் வர வேண்டிய விஷயம்.

'சீட் கன்ஃபார்ம்' என்று போன் வந்தால்?

முதலில் நான்கு கேள்விகள்.

1. இது எம்.பி.ஏ பட்டமா, பி.ஜி.டி.எம் டிப்ளமாவா? எம்.பி.ஏ பட்டத்தைப் பல்கலைக்கழகமும், சட்டப்படி அந்த அதிகாரம் பெற்ற நிறுவனமும்தான் கொடுக்க முடியும். ஐ.ஐ.எம்கள்கூட 2017-ல் நிறைவேறிய தனிச் சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் கொடுக்கத் தொடங்கின, அதுவரை டிப்ளமாதான். பி.ஜி.டி.எம் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால், ஏ.ஐ.சி.டி.இ அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

2. வேலைவாய்ப்பில் மீடியன் சம்பளம் எவ்வளவு? 'அதிகபட்சம் 18 லட்சம்' என்பது ஒரே ஒருவர் வாங்கியதாக இருக்கலாம். 'சராசரி' என்பதையும் அந்த ஒருவர் மேலே இழுத்துவிடுவார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்தான் மீடியன். அதைச் சொல்லத் தயங்கும் இடத்தில் யோசிக்க வேண்டும்.

3. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? 'வேலைக்குப் பதிவு செய்தவர்களில் 100 சதவீதம்' என்பதும், 'படித்தவர்களில் 100 சதவீதம்' என்பதும் ஒன்றில்லை.

4. வேண்டாம் என்றால் பணம் திரும்ப வருமா? ஏ.ஐ.சி.டி.இ விதிப்படி, குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த விதியைச் சொன்னதும் எதிர்முனையில் குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டி ரசீது வாங்க வேண்டும். "என் ஜி-பே நம்பருக்குப் போட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கடன்: உண்மையான கட்-ஆஃப் இங்கேதான்

ஒரு எளிய கணக்கு. கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் பாதித் தொகை என்று வாங்கி, நடுவில் வட்டியே கட்டாமல் விட்டால், தவணை ஆரம்பிக்கும்போது கடன் சுமார் 12.75 லட்சமாக இருக்கும். அதை 7 வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 21,800 ரூபாய்.

இதே கணக்கை டான்செட் வழியில் 2.5 லட்சம் ரூபாய் செலவில் முடிகிற படிப்புக்குப் போட்டால் மாதத் தவணை சுமார் 5,450 ரூபாய்.

இரண்டு படிப்பும் முடித்து, கைக்கு மாதம் 35 ஆயிரம் வரும் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். முதலாமவர் கையில் நிற்பது 13,200 ரூபாய். பெங்களூரில் ரூம் வாடகையும் சாப்பாடும் இதில்தான். இரண்டாமவர் கையில் 29,500 ரூபாய்க்கு மேல். அதனால் 10 லட்சம் கேட்கும் கல்லூரி, 2.5 லட்சம் கல்லூரியைவிட மாதம் குறைந்தது 16 ஆயிரம் ரூபாய் அதிகச் சம்பளம் வாங்கித் தருமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதல் வேலையிலேயே தரும் என்று மீடியன் சம்பளம் காட்டினால், தாராளமாகச் சேரலாம்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவர்கள் இன்னொரு தொகையையும் சேர்க்க வேண்டும். மாதம் 28 ஆயிரம் சம்பளத்தை இரண்டு வருஷம் விட்டால் 6.72 லட்சம் ரூபாய். அதுவும் படிப்புச் செலவுதான். ரசீதில் வராது, அவ்வளவுதான்.

வங்கி நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை. 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் கேட்பார்கள். தோட்டத்துப் பத்திரம் மேசைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம் வித்யாலட்சுமி திட்டம் இதற்கு ஒரு மாற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். தொடங்கியபோது அந்தப் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தகுதி பெறுபவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால், நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. தகுதி அடிப்படையில் சீட் வாங்கியிருக்க வேண்டும். போனில் 'சீட் கன்ஃபார்ம்' என்று சொல்கிறவர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்.

மறுபடி எழுதலாமா?

கேட் தேர்வுக்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். மதிப்பெண் அடுத்த சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். வெளிநாட்டுப் பிசினஸ் ஸ்கூல்கள் கேட்கும் ஜிமேட் அப்படி இல்லை. 16 நாள் இடைவெளி விட்டு ஒரு வருஷத்தில் 5 முறை வரை எழுதலாம்; மதிப்பெண் 5 வருஷம் செல்லும். கேட் தேர்வில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால்கூட வருஷமே போச்சு. அதனால்தான் ஒரு தேர்வை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

மறுபடி எழுதுவது யாருக்குப் பொருந்தும்?

மாக் டெஸ்ட்களில் தொடர்ந்து 93, 94 வாங்கிவிட்டு அன்றைக்கு மட்டும் சறுக்கியவர்களுக்குப் பொருந்தும். மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அடிவாங்கியவர்களுக்கும் பொருந்தும். அந்த ஒரு பகுதிதான் ஒட்டுமொத்த பர்சென்டைலை இழுத்திருக்கும், ஐ.ஐ.எம்கள் பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச அளவு வைக்கின்றன.

நம் பக்கத்தில் அந்த ஒரு பகுதி பல சமயம் ஆங்கிலம்தான். தமிழ் மீடியத்தில் படித்து, பொறியியல் முடித்தவர்கள் கணக்கில் தேறிவிடுவார்கள். ஆனால், வாசிப்புப் பகுதியில் தத்துவம், வரலாறு, உளவியல் என்று வரும் நீண்ட பத்திகளைப் படித்து முடிப்பதற்குள் 40 நிமிஷம் ஓடிவிடும். இது மூன்று மாத கோச்சிங்கில் சரியாகிற விஷயம் இல்லை. ஜனவரியில் இருந்தே தினமும் அரை மணி நேரம், பஸ்ஸில் போகும்போதாவது, நீளமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்துப் பழகினால் நவம்பரில் பலன் தெரியும்.

மாக் டெஸ்ட்டிலும் 80, தேர்விலும் 82 என்றால்? அப்போது அதே புத்தகம், அதே முறை, அதே நேரம் என்று இன்னொரு வருஷம் ஓட்டுவதில் அர்த்தமில்லை. 82-ல் இருந்து 95-க்குப் போவது என்றால் சுமார் 38 ஆயிரம் பேரைத் தாண்ட வேண்டும். எதை மாற்றப்போகிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் மறுபடி எழுதலாம்.

ஒன்று மட்டும் பொதுவான அறிவுரை: அடுத்த கேட் தேர்வுக்காக இருக்கும் வேலையை விட வேண்டாம். பல ஐ.ஐ.எம்கள் நேர்காணலுக்கு அழைக்கும்போது பணி அனுபவத்துக்கும் மதிப்பெண் கொடுக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மதிப்பெண்ணும் சேரும். அவற்றை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை கேட் மதிப்பெண்ணும் அனுபவமும்தான்.

குறைந்த ஸ்கோரோடு நேர்காணலில் உட்கார்ந்தால்?

கேட் மதிப்பெண் நேர்காணல் அறை வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு அதன் எடை குறைந்துவிடும். ஐ.ஐ.எம் அகமதாபாத்திலேயே இறுதிப் பட்டியலில் கேட் மதிப்பெண்ணைவிட நேர்காணலுக்குத்தான் அதிகப் பங்கு. கோவைக் கல்லூரிகளிலும் நேர்காணல், குழு விவாதம் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

"ஏன் ஸ்கோர் குறைவு?" என்று கேட்டால் சர்வர் பிரச்னை, சென்டர் தூரம் என்று காரணம் அடுக்க வேண்டாம். எந்தப் பகுதியில் குறைந்தது, ஏன், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, "உங்க ஊரைப் பற்றிச் சொல்லுங்க" என்பது. அன்னூர்க்காரருக்கு இது சாதகமான கேள்வி. சுற்றிலும் இருப்பதெல்லாம் பிசினஸ் பாடம்தான். பஞ்சு விலை ஏறினால் ஸ்பின்னிங் மில்லுக்கும், அங்கிருந்து விசைத்தறிக்கும், திருப்பூர் ஏற்றுமதிக்கும் என்ன ஆகிறது? கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக் கூலி தருகிறதே, அதில் நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவினாசி திட்டம், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீரைப் பம்ப் செய்து கொண்டுவருகிறது. 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவான அந்தத் தண்ணீர் அன்னூர்ப் பக்கம் நில மதிப்பை எப்படி மாற்றும்?

இவற்றில் ஏதாவது ஒன்றையாவது எண்ணோடு, சொந்தப் புரிதலோடு பேச முடிந்தால், எதிரில் இருப்பவர் 82-ஐ மறந்துவிட்டு அடுத்த கேள்வி கேட்பார். வெளியூர் கோச்சிங் மெட்டீரியலில் இது கிடைக்காது. அப்பாவோடும் மாமாவோடும் உட்கார்ந்து ஒரு மாலை பேசினால் கிடைக்கும்.

எம்.பி.ஏவையே கொஞ்சம் தள்ளிப்போட்டால்?

அதுவும் ஒரு முடிவுதான். இரண்டு, மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் பேசுவதற்கும் விஷயம் இருக்கும், சேமிப்பும் இருக்கும். நிறுவனத்திலேயே டீம் லீட் ஆக ஒரு பட்டம் மட்டும் தேவை என்றால், வேலையில் இருந்துகொண்டே படிக்கும் வழி இருக்கிறது. இக்னோவில் நுழைவுத் தேர்வு இல்லாமலே எம்.பி.ஏ சேரலாம். அண்ணா பல்கலைக்கழகமும் தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ நடத்துகிறது. எந்த ஆன்லைன், தொலைதூரப் படிப்பாக இருந்தாலும் யு.ஜி.சியின் தொலைதூரக் கல்விப் பிரிவு அங்கீகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஆனால், இவற்றில் கேம்பஸ் வேலைவாய்ப்பை எதிர்பார்க்கக்கூடாது.

ஒரு பேப்பரில் எழுத வேண்டியவை

சரி, அன்னூர் வீட்டுக்குத் திரும்புவோம். பணம் கட்டச் சொல்லி வந்த போனுக்குப் பதில் சொல்லும் முன், ஒரு பேப்பரில் இவற்றை எழுதி அப்பா முன்னால் வைக்கலாம்:

• இந்தக் கல்லூரிக்கு மொத்தச் செலவு (கட்டணம், ஹாஸ்டல், விட்டுப்போகும் சம்பளம்)
• அங்கே மீடியன் சம்பளம்
• படிப்பு முடிந்த பிறகு மாதத் தவணை
• டான்செட் வழியில் போனால் இதே மூன்று எண்கள்
• அடுத்த வருஷம் கேட் எழுதினால் எதை மாற்றப்போகிறேன்

பஞ்சு விலையும் கோழித் தீவன விலையும் பார்த்தே பழகிய அப்பாவுக்குப் பர்சென்டைல் புரியாமல் போகலாம். ஆனால், 21,800 ரூபாய்த் தவணையும் 35 ஆயிரம் சம்பளமும் ஒரே பேப்பரில் இருந்தால் உடனே புரியும். "இவ்வளவு அவசரமா ஏன் சாமி? மார்ச் பரீட்சையையும் எழுதிப் பாரு" என்று அவரே சொன்னாலும் ஆச்சரியமில்லை.